மாடி வீட்டுக்காரரின் மரணச் செய்தி

ஒருவர் இறந்துவிட்டார் என்று போன் வந்தால் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது? புதிதாகப் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலரிடம் சமீபத்தில் இதைக் கேட்டேன். ஒருவர் ‘வயது என்ன’ என்றார். இன்னொருவர் ‘போட்டோ கிடைக்குமா’ என்றார். மூன்றாமவர் ‘மற்ற பேப்பர்களுக்குத் தெரிந்துவிட்டதா’ என்றார். அவர் சீக்கிரம் முன்னுக்கு வந்துவிடுவார். ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பேன் என யாரும் சொல்லவில்லை. நானும் உங்கள் வயதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அரியலூரில் நான் செய்தியாளராக இருந்தது, அந்த ஊர் தனி மாவட்டமாவதும் மறுபடி பெரம்பலூரோடு சேர்வதுமாக இருந்த காலம். கலெக்டர் எந்த ஊரில் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து நான் ஏறும் பஸ் மாறும். சுண்ணாம்புக்கல் லாரி மோதியது, சிமென்ட் ஆலையில் கை போனது, கொள்ளிடத்தில் மணல் போனது என்று செய்திகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் பற்றி நீங்களே நாளை எழுதுவீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு நகைச்சுவை நடிகரின் மரணச் செய்தி. அந்தச் செய்தி சம்பந்தமாக அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவரின் பாடை போகும்போது ரோட்டில் ஒருவர்கூடச் சிரிக்கக் கூடாது.

அந்தக் கோரிக்கை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், ஒரு நகைச்சுவைத் தொடர். ஒரே ஹால், ஒரே சோபா, மாடிக்கு ஏறும் படிக்கட்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கும். அந்தக் கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது சிரித்ததும் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து சிரித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அரியலூர் கடைத்தெருவில் நடந்து போனால், ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே சிரிப்பு வரும். வசனத்தை நடந்துகொண்டே கேட்டு முடித்துவிடலாம்.

அந்தத் தொடரின் கதாநாயகன் முகம் எனக்கு மறந்துவிட்டது. நினைவில் நிற்பவர்கள், கதவைத் திறந்துகொண்டு வந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனவர்கள்தான். சட்டையைத் தீய்த்துவிட்டு அதற்கு விளக்கம் சொல்ல வரும் இஸ்திரிக்காரர். எந்த வீட்டு விஷயத்தையும் மற்ற வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாத பால்காரம்மா. இவர்களுக்குத் தொடரில் பெயர் கிடையாது. கடைசியில் நடிகர் பட்டியல் ஓடும்போது பாதியில் விளம்பரம் வந்து மூடிவிடும்.

அந்த வரிசையில் ஒருவர் மாடி வீட்டுக்காரர். காலையில் கீழே இறங்கி வருவார். “பேப்பர் வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே கதாநாயகன் கையிலிருந்து பேப்பரை உருவிக்கொள்வார். நேராக இரங்கல் விளம்பரப் பக்கத்துக்குப் போவார்.

“அடடா, இவரு போயிட்டாரா! நல்ல மனுசனாச்சே.”

“யாரு சார் அது?”

“யாருக்குத் தெரியும்? மூஞ்சியப் பார்த்தா நல்ல மனுசன் மாதிரி இருக்குல்ல.”

சொல்லிவிட்டு, துக்கம் தாங்காதவர்போல ஒரு காப்பி கேட்பார். வாரா வாரம் இவ்வளவுதான். ஊரே காத்திருந்தது.

நடித்தவர் பெயர் கலியமூர்த்தி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளை ஒட்டிய ஒரு சிற்றூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அதுவரை கோயில் திருவிழா நாடகங்களில் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். ஷூட்டிங் இருக்கும்போது பஸ் ஏறிப் போவார், முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே ‘மாடி, தள்ளி ஒக்காரு’ என்பார். கலியமூர்த்தி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

ஒரு முறை ஊரில் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வர முடியாது என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். கம்பெனிக்கு அடுத்த நாள் ஷூட்டிங். இப்படி ஒரு நெருக்கடி வந்தால் தொடர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வராத நடிகரின் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். விரோதம் எதுவும் கிடையாது. ஒரு மாலையும் ஒரு விளக்கும் போதும், கதை நகர்ந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதாநாயகன் பேப்பரைப் பிரிக்கிறான். இரங்கல் பக்கத்தில் மாடி வீட்டுக்காரரின் படம். அடுத்த காட்சியில் மாடி அறை, சுவரில் அதே படம், மாலை, விளக்கு. அந்த இடத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது தொடர் முடிந்து வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எங்கள் பேப்பரின் திருச்சி டெஸ்க்கிலிருந்து போன்.

“உங்க ஏரியா நடிகர் காலமாயிட்டாராமே. வேற பேப்பர்ல காலையிலயே வந்துருச்சு. நம்மகிட்ட ஒரு வரி இல்ல. மதியத்துக்குள்ள அனுப்புங்க.”

நான் மூன்று இடங்களில் விசாரித்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் ‘ஆமாம், பாவம்’ என்றார். ஜெயங்கொண்டத்தில் இருந்த நாடகக்காரர் ஒருவர், போஸ்டர் அடிக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கலியமூர்த்தியின் ஊரில் போன் பூத் வைத்திருந்தவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்.

“ஆமாங்க சார். திருமழபாடியிலேருந்து மச்சான் வூட்டு ஜனம் வேன்ல வந்து எறங்குது, மாலையோட. ஒரே அழுகை. உங்களுக்குக் கேக்கலயா?”

கேட்டது. போனில் தெளிவாகக் கேட்டது.

டெஸ்க்கில் சொன்னேன். “மூணு பேர் சொல்லியாச்சுல்ல, அப்புறம் என்னாங்க? எழுதுங்க” என்றார்கள். நான் எழுதாமல் பஸ் ஏறினேன். அதை என் விழிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். போட்டோ தேவைப்பட்டது, அதற்காகத்தான் போனேன்.

அவர் வீட்டுக்கு முன்னால் அந்த வேன் நின்றிருந்தது. வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாவுக்கட்டுக் காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டியபடி, கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“என்னா சார், நீங்களும் மாலையோடவா வந்தீங்க?”

பக்கத்தில் அவர் மச்சான் ராசாங்கம் கையில் ரோஜா மாலையோடு நின்றார். அவருக்கு அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

“கரண்டு போயிருச்சுங்க. மாலை போட்ட போட்டோவத்தான் பார்த்தோம். நாடகத்துலதான் போட்டாங்களோ, செத்ததாலதான் போட்டாங்களோ, நாங்க என்னாத்தக் கண்டோம்? பேப்பர்ல வேற வந்துருச்சுன்னாங்க.”

“அந்த மாலைய வூட்டுக்குள்ள கொண்டாராத” என்றார் உள்ளேயிருந்து கலியமூர்த்தியின் மனைவி தனபாக்கியம்.

“பின்ன என்னா அக்கா பண்றது? திருப்பியும் எடுத்துட்டுப் போகக் கூடாதாம்ல?”

“ஆட்டுக்குப் போடு மச்சான்” என்றார் கலியமூர்த்தி. “அதுக்குச் சம்பிரதாயம் தெரியாது.”

போட்டார்கள். ஆடு தின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தனபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். “சார், உங்க பக்கம் கரண்ட் இருந்துச்சா? கதையில நான் எப்படிச் செத்தேன்? எனக்கும் பாதிதான் தெரியும்.”

எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டுக்கொண்டே வந்தேன். போன் பூத்காரர் வேனைப் பார்த்தார். வேன்காரர்கள் டிவியைப் பார்த்தார்கள். ஜெயங்கொண்டத்து நாடகக்காரருக்கு போன் பூத்காரர் சொன்னார். டீக்கடைக்காரர் அந்த இன்னொரு பேப்பரைப் படித்தார். அந்தப் பேப்பரின் செய்தியாளர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு டிவியைப் பார்த்தார். எனக்கு மூன்று பேர் உறுதி செய்ததாக நான் நினைத்தது ஒரு மாலை, ஒரு போட்டோ. ஒரே ஊற்றிலிருந்து எத்தனை குடம் நிரப்பினாலும் தண்ணீர் ஒன்றுதான். செய்தி சொல்பவர்களை எண்ணாதீர்கள். அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள்.

அன்று நான் கிளம்பும் முன் கலியமூர்த்தி ஒன்று கேட்டார். மரணக் காட்சியில் நடித்த நடிகருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். உடனே அவரைச் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்துவைப்பார்கள். படத்தில் செத்த முகமே கடைசியாக நின்றுவிடக் கூடாது என்று ஒரு வழக்கம். “நான் அங்க இல்லாததால எனக்கு எதுவும் பண்ணல. நீங்க ஒரு படம் எடுத்துப் போட்டுருங்க சார். வூட்டுல பயப்படுது.”

எடுத்தேன். முன்பல் தெரியச் சிரித்தார். ‘நலமாக இருக்கிறேன்’ என்ற தலைப்போடு ஒற்றைப் பத்தியில் வந்தது. மற்ற பேப்பரின் தவறை நாங்கள் சுட்டிக்காட்டியதில் டெஸ்க்குக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கால் சேர்ந்ததும் அவர் சென்னை போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அரியலூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன்.

“மாலை போட்ட மூஞ்சிய மறுபடி காட்டுனா ஜனம் ஒத்துக்காதுண்ணேங்கறாரு மேனேஜரு. செத்தவரோட தம்பின்னு சொல்லிக் கொண்டாங்களேன்னேன். மாடியில வேற ஆள் குடி வந்துட்டாங்கண்ணேன்னுட்டாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாடியில் புதிதாகக் குடிவந்தவர் ஓர் இளைஞர், மிமிக்ரி செய்பவர். அந்தத் தொடர் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது.

திருவிழா நாடகங்களிலும் பழைய வேஷம் கிடைக்கவில்லை. டிவியில் வந்தவரை வெறும் கோமாளியாகப் போட விழாக் கமிட்டிகள் விரும்பவில்லை. ஒரு கமிட்டிதான் முதலில் அந்த யோசனையைச் சொன்னது. கூட்டத்துக்கு நடுவே தப்பு அடித்துக்கொண்டு ஒரு பாடையைத் தூக்கி வர வேண்டும். மேடைக்கு முன்னால் இறக்க வேண்டும். அடி நின்றதும் பாடையிலிருந்து கலியமூர்த்தி எழுந்து உட்கார்ந்து, “பேப்பர் வந்துருச்சா?” என்று கேட்க வேண்டும்.

அவர் ஒத்துக்கொண்டார். வேறு யாரும் வேறு எதற்கும் கூப்பிடவில்லை.

நான் அதை ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு திருவிழாவில், இன்னும் வெளிச்சம் இருந்த ஒரு மாலையில் பார்த்தேன். பாடை உண்மையான பாடை. மூங்கில் வெட்டி, ஓலை முடைந்து, பூச்சரம் தொங்கவிட்டது. அடித்தவர்கள் உண்மையான சாவுகளுக்கு அடிப்பவர்கள். பெண் வேஷம் போட்ட இரண்டு ஆண்கள் மாரடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பாடை இறங்கியதும் சத்தம் நின்றது. அவர் உடனே எழவில்லை. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு எக்கிப் பார்த்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தை அப்படி நிறுத்திவைக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்தார். அந்தச் சிரிப்பை நான் வேறு எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு செந்துறை, ஜெயங்கொண்டம், பெரம்பலூர்ப் பக்கம் என்று எங்கும் அவருக்கு அந்த ஒரு வேஷம்தான். ஒருநாள் அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தனபாக்கியம் என் முன்னாலேயே ஆரம்பித்தார்.

“வேணாம்னு சொல்லுங்க தம்பி. ஊரு ஊராப் போயி பாடையில படுத்துட்டு வர்ற மனுசன் இந்த ஜில்லாவுலயே இவரு ஒருத்தர்தான்.”

“அதான் பேரு கெடைச்சுருக்கு” என்றார் அவர்.

“நெசமாப் போறன்னிக்கு எவன் அழுவான்? பாடையப் பார்த்ததும் சிரிக்கப் பழக்கி வச்சுருக்கீங்க. அன்னிக்கும் ரோட்டுல நின்னு சிரிப்பானுவ.”

“சிரிக்கட்டுமே. நான் என்னா கேக்கவா போறேன்?”

“நான் கேப்பேன்ல” என்றார் தனபாக்கியம்.

கலியமூர்த்தி எழுந்துகொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்து, ஒரு கோடைக்காலத்தின் முற்பகலில் எனக்குப் போன் வந்தது. ராசாங்கம் பேசினார். தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். வண்டி பிடித்து ஜெயங்கொண்டம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எம்மடியிலதாங்க போனாரு” என்றார்.

போனேன். ஐஸ் பெட்டி வந்திருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம், மூக்கில் பஞ்சு. கையைத் தொட்டுப் பார்த்தேன். வாசலில் தெரியாத முகங்கள் இரண்டு நின்றன. பக்கத்து ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள். அன்று சாயங்காலம் அவர்கள் ஊரில் கலியமூர்த்தியின் நிகழ்ச்சி. அதற்கான போஸ்டர்கள், பாடையில் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கும் படத்தோடு, அந்த ரோடு நெடுக ஒட்டியிருந்தன.

“நெசந்தானுங்களா சார்?” என்றார் அதில் மூத்தவர் என்னிடம். “தப்பா எடுத்துக்காதீங்க. போன வருசம் எங்க ஊருல இவரே இப்படித்தான் ஒரு தடவை…”

“உள்ள போயிப் பாருங்க” என்றேன். போனார்கள். திரும்பி வரும்போது செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள்.

தனபாக்கியம் என்னை உள்ளே கூப்பிட்டார். அழவில்லை. அப்போதைக்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது.

“தம்பி, திருப்பூர்லேருந்து மக வரணும். நாளைக்குத்தான் எடுக்கறாங்க. அதுக்குள்ள பேப்பர்ல வந்துரணும். பேப்பர்ல போட்டா நெசம்னு தெரிஞ்சுக்குவாங்க. ரோட்டுல ஒருத்தன் சிரிக்கக் கூடாது. அதுக்கு நீங்கதான் பொறுப்பு.”

உடையார்பாளையம் வந்து செய்தியை பேக்ஸில் அனுப்பிவிட்டு டெஸ்க்குக்குப் போன் போட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த உதவி ஆசிரியர் எடுத்தார்.

“சார், இவருதான ஏற்கெனவே ஒரு தடவை செத்தவரு?”

“ஆமாம்.”

“உடம்பப் பார்த்தீங்களா?”

“தொட்டுப் பார்த்தேன்.”

“நீங்களே தொட்டீங்களா, யாராவது சொன்னாங்களா?”

“நானே தொட்டேன்.”

சரி என்று வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் அப்படிக் கேட்டதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நீங்களும் கேளுங்கள், எதிரில் இருப்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.

மறுநாள் காலை உடையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் பேப்பர் கட்டு இறங்கும்போது நான் நின்றேன். செய்தி வந்திருந்தது. பெயர், வயது, ஊர், எடுக்கும் நேரம், எதிலும் பிழையில்லை. மேலே படம். டெஸ்க்கில் அவருடைய படம் வேறு எதுவும் இல்லை. பழைய கோப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். முன்பல் தெரியச் சிரிக்கும் படம்.

கடைக்காரர் முதல் பிரதியைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“யோவ், இங்க பாருய்யா. மாடி இப்ப பேப்பர்லயே வெளம்பரம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு.”

“எங்க எடுக்கறாங்களாம்?” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

“அவங்க ஊருலதான். நேரமெல்லாம் போட்டுருக்கு. போவமா?”

ஒரு செய்தியில் எல்லாம் சரியாக இருந்தும் அது பொய்யாகப் படிக்கப்படலாம் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். வாசகர் முதலில் பார்ப்பது படத்தை. படம் சொன்னதை வரிகளால் அழிக்க முடியாது. மரணச் செய்திக்குப் பொருத்தமான படம் கிடைக்கவில்லை என்றால் படமில்லாமலே போடச் சொல்லுங்கள். இதற்காக ஆசிரியரோடு சண்டை போடலாம்; இதற்காகப் போடாத சண்டையை வேறு எதற்குப் போடுவீர்கள்?

டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். எடுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மெயின் ரோடு திரும்பும் இடத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. சைக்கிள் கடை, சோடாக் கடை வாசல்களில் ஆட்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்த சிலர் கல்வெர்ட் பாலத்துக் கட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமாகப் போனேன்.

“நெசமாவே எறந்துட்டாருங்க. நான் நேத்தே பார்த்துட்டு வந்தேன். பாடை வரும்போது சிரிச்சுராதீங்க.”

சோடாக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பேப்பர்காரரையே செட்டுல சேத்துட்டாருய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுபடி சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். “சார் நல்லா நடிக்கிறாரு” என்று ஒருவர் பாராட்டினார். அதற்கு மேல் பேசினால் அது நிகழ்ச்சியின் முதல் பகுதியாகிவிடும் என்று புரிந்தது. நிறுத்திவிட்டேன்.

பாடை வந்தது. அடித்து வந்தவர்கள் அவரோடு ஊர் ஊராகப் போன அதே ஆட்கள். நாங்கள்தான் அடிப்போம் என்று அவர்களாகவே வந்தார்கள், கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ரோட்டில் நின்றவர்களுக்கு இருந்த கொஞ்சம் சந்தேகமும் போய்விட்டது. ஒருவர் விசில் அடித்தார். கைதட்டல் கிளம்பியது. “மாடி! மாடி!” என்று கூப்பிட்டார்கள். பாடையின் முன்காலைத் தோளில் வைத்திருந்த ராசாங்கம் திரும்பி ஏதோ கத்தினார். அது தப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் வாயசைவும் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கூட்டம் பாடையோடு கூடவே நடக்க ஆரம்பித்தது.

சுடுகாட்டுக்குப் பாதி வழியில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது. அங்கே பாடையை இறக்கி, தலைமாட்டைத் திசை மாற்றி, மறுபடி தூக்க வேண்டும். எல்லாச் சாவுக்கும் செய்வது. தூக்கி வந்தவர்கள் இறக்கினார்கள். அடி நின்றது.

கூட்டம் அரைவட்டமாகச் சூழ்ந்து எக்கிப் பார்த்தது. ஆண்டிமடத்தில் பார்த்த அதே நிற்றல், அதே முகங்கள். வாயைச் சிரிப்புக்குத் தயாராக வைத்திருந்தார்கள். சோடாக் கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றார். “இப்பப் பாரு” என்று பக்கத்தில் இருந்தவர் முழங்கையைத் தொட்டார்.

ராசாங்கத்தின் மகன் கையிலிருந்த கொள்ளிச்சட்டியின் புகை மட்டும் அசைந்தது.

“எந்திரி மாடி” என்று யாரோ சொன்னார்கள். கேலியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் அவசரப்படுத்துகிற மாதிரி சொன்னார்கள்.

ஓர் ஈ மூக்குப் பஞ்சின் மேல் உட்கார்ந்தது. எழுந்து, மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. அதை யாரும் விரட்டவில்லை. சோடாக் கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அவர் அவிழ்த்ததைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் அங்கே இன்னும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது; முன்வரிசை திரும்பிப் பார்த்ததும் அதுவும் நின்றது.

திசை மாற்றித் தூக்கினார்கள். ரோட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. சுடுகாடுவரை வந்தார்கள். வழியில் சோடாக் கடைக்காரர் ராசாங்கத்தின் தோளைத் தொட்டு, பாடையின் காலைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

ஏரியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வாசல்வரை வந்தேன். பெண்கள் நடுவில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மற்றவர்களின் கையை விலக்கிவிட்டுக் கேட்டார்.

“தம்பி, சிரிச்சாங்களா?”

வேலையில் சேர்ந்த நாள்முதல் கேள்வி கேட்பது நானாக இருந்தேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இப்படி நின்றதில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோட்டில் நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். நாளைக்கோ அடுத்த வாரமோ ரேஷன் கடையிலோ பஸ்ஸிலோ ஒருவர் அவரிடம் சொல்லத்தான் போகிறார். பிறகு அந்த அம்மா என் சொல்லில் எதை நம்புவார்? இப்படி ஓர் இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். அழகாகச் சொல்ல முயற்சி செய்யாதீர்கள். நடந்ததை, நடந்த வரிசையில் சொல்லுங்கள்.

“முதல்ல சிரிச்சாங்க. கல்லுகிட்ட எறக்கி வச்சதும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. எல்லாரும் கூடவே வந்தாங்க.”

“எறக்கி வச்சப்ப நின்னு பார்த்தாங்களாக்கும்?”

“பார்த்தாங்க.”

“எந்திரிப்பாருன்னு?”

“ஆமாம்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட அவருக்கு உரிமை இருந்தது; பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் மண்ணைப் பார்த்தார். பாடை கட்டியபோது சிந்திய ஓலைத் துணுக்குகள் அங்கே கிடந்தன.

“அவங்கள என்னா சொல்றது தம்பி” என்றார். “வாசல்ல தூக்குனாங்கல்ல, அப்ப நானும் அவரு மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்.”